தாலிக்கொடி தெரியப் பின்னிய கார்டிகன்

ஜெயகௌரிக்குப் புருசன் இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. இனி வரப்போகிற வில்லங்கம் அத்தனையும், சொல்ல வேண்டிய இடத்தில் அதைச் சொல்லாமல் விட்டதால் வந்ததுதான்.

புருசனின் பெயர் நித்தியானந்தன். பகலில் தபால் பிரிக்கிற வேலை, பின்னேரத்தில் தொலைக்காட்சி. லண்டன் செவன் கிங்ஸ் வீட்டு முன்னறைச் சோபாவின் இடது மூலை அவருடைய உடம்பின் அச்சாகவே பதிந்துவிட்டது. குடிக்கமாட்டார், சண்டை பிடிக்கமாட்டார், கதைக்கவும் மாட்டார். "தேத்தண்ணி", "குளிருது", "ஆர் போன்?" என்று அன்றைக்குத் தேவையான சொற்களை மட்டும் வெளியே எடுப்பார். மிச்சத்தை என்ன செய்கிறார் என்று கௌரிக்கு இத்தனை வருடத்திலும் பிடிபடவில்லை.

2008 மார்கழியில், இல்பேட் பக்கத்தில் பழைய நடன மண்டபம் ஒன்றை வாங்கி எழுப்பிய பிள்ளையார் கோவிலில் திருவிளக்குப் பூசை. அன்றைய உபயம் வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற செல்வமலர் குடும்பத்தினுடையது. பூசை முடிந்ததும் உபயகார மனுசி குங்குமத் தட்டோடு வரிசை வரிசையாக வந்து, சுமங்கலிப் பெண்களுக்கு நெற்றியில் வைத்துவிடுவது வழக்கம். மண்டபத்தில் சூடாக்கி வேலை செய்யவில்லை. கௌரிக்கோ காய்ச்சல் குணம். கம்பளித் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்து, சால்வையைச் சுற்றி, சாம்பல் நிறக் கார்டிகனைத் தொண்டை வரைக்கும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொட்டு தொப்பிக்குள்ளே. தாலிக்கொடி கார்டிகனுக்குள்ளே. புருசன், தெருவில் காருக்கு அபராத டிக்கெட் எழுதுகிறவனுக்குப் பயந்து காருக்குள்ளே.

செல்வமலர் வந்தார். நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு 'ஐயோ பாவம்' வந்தது. பிறகு, மழைத்தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் போய்விட்டார்.

கௌரியின் முகம் ஏற்கெனவே முன்னுக்கு நீண்டிருந்தது. நீட்டிய முகத்தை என்ன செய்வது? தரையில் எதையோ தேடுவது போல இன்னும் கொஞ்சம் குனிந்தாள். "எனக்கு மனுசன் இருக்கிறார், வெளியிலை காருக்கை இருக்கிறார்" என்று மண்டபத்தில் கையைத் தூக்கிச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் பார்த்தவர்கள் பார்த்தார்கள். குறிப்பாக அருமைநாயகி பார்த்தார். அவர் பார்த்தால் செவன் கிங்ஸ் ஸ்ரேசனில் எழுதிப் போட்ட மாதிரி.

"கௌரி, உன்னை அவ கைம்பெண்ணாக்கிப் போட்டாவடி," என்று அருமையக்கா வெளியே செருப்புத் தேடுகிற இடத்தில் மெதுவாகச் சொன்னார். மெதுவாக என்றால், செருப்புத் தேடிய மற்ற எல்லாருக்கும் கேட்கிற மெதுவில்.

அன்றைக்கே கௌரி தீர்மானித்துவிட்டாள். அடுத்த மார்கழிக்கு அதே செல்வமலரின் கையால், அதே மண்டபத்தில், எல்லாரும் பார்க்கக் குங்குமம் வாங்குவது. அதற்கு முதல் எதிரி கார்டிகன். கடைக் கார்டிகன் எல்லாம் வெள்ளைக்காரிகளின் கழுத்துக்குச் செய்தது. அவர்களுக்குக் காட்ட அங்கே ஒன்றும் இல்லை. தாலிக்கொடி போட்ட ஒருத்திக்கு ஏற்ற கார்டிகனை லண்டனில் யாராவது யோசித்தார்களா? இல்லை. ஆகவே கௌரியே பின்னுவாள்.

பின்னத் தெரியாது என்பது அவளுக்கு ஒரு தடையாகப் படவில்லை.

அருமையக்கா டென்மார்க்கில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிசில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு மாறி வந்தவர். டென்மார்க்கில் பஸ்ஸிலும் பின்னுவார்கள், ஆஸ்பத்திரியிலும் பின்னுவார்கள், பாராளுமன்றத்திலும் பின்னுவார்கள் என்று அவர் சொல்வார். கடைசிச் செய்தியை யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை. கௌரி கேட்டதும் அவர் ஒரு மாதிரித்தாளை எடுத்து நீட்டினார். வட்டக் கழுத்து, நேரான உடம்பு, நீளக்கை, முன்னுக்கு ஒரு நிரைப் பொத்தான். அதைவிட எளிய கார்டிகன் உலகத்தில் கிடையாது.

"இது பள்ளிக்கூடப் பிள்ளையள் பின்னிப் பழகிற பற்றேர்ன். கண்ணை மூடிக்கொண்டு அதிலை சொன்ன மாதிரிச் செய். ஒண்டையும் மாத்தாதை."

அருமையக்கா இதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். கௌரி பெட்டியில் வருகிற பாயாச மாவுக்கே பெட்டியில் இல்லாத ஏழெட்டுச் சாமான் போடுகிறவள். துண்டு துண்டாக வந்த அலுமாரியைப் பொருத்திப் பூட்டியபோது, கடைக்காரன் தந்த படத்தில் பிழை கண்டுபிடித்துத் திருத்தியவள். அந்த அலுமாரி இன்றைக்கும் மாடியில் சுவரின் தயவில்தான் நிற்கிறது.

முதலில் நிறம் மாறியது. தாளில் இருந்தது மங்கல் நீலம். கௌரி தன் அரக்குப் பட்டுச்சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு நூல் கடைக்குப் போய், அங்கிருந்த மேசையில் விரித்துவிட்டாள். கடைக்காரி 'லவ்லி, லவ்லி' என்று சொல்லியபடி பந்து பந்தாக இறக்கி வைத்தாள். கரைக்குச் சரிவந்த நூல் உடலுக்குச் சரிவரவில்லை, உடலுக்குச் சரிவந்தது கரைக்குச் சரிவரவில்லை. கடை பூட்டுகிற நேரத்தில் அந்த 'லவ்லி'யின் ஓசையே மாறிப் போயிருந்தது.

பின்னத் தொடங்கி, அவிழ்த்து, திரும்பத் தொடங்கி, கை பழகி வரும்போது, ஊரில் யுத்தம் சனத்தோடு முடிந்த 2009 வைகாசி வந்துவிட்டது. அதைப் பற்றி இங்கே பகிடி இல்லை. கௌரியும் எல்லாரோடும் லண்டன் பாராளுமன்ற வாசலில் ஆர்ப்பாட்டத்துக்குப் போய் நின்று, கால் வீங்கி, தொண்டை அடைத்து வீட்டுக்கு வந்தவள்தான். பிறகு சில மாதங்களுக்கு யாரும் பட்டு உடுக்கவில்லை, விழா வைக்கவில்லை. ஊசிகள் நூல்பந்தில் குத்தியபடியே கிடந்தன.

ஐப்பசியில் கோவிலிலிருந்து விளக்குப் பூசை அறிவித்தல் வந்தது. உபயம்: செல்வமலர் குடும்பம், வெம்பிளி. கௌரி ஊசியை மறுபடி கையில் எடுத்தாள். அதோடு மாற்றங்களும் வேகம் பிடித்தன.

"அக்கா, கழுத்தைக் கொஞ்சம் இறக்கினால் என்ன?"

"எவ்வளவு?"

கௌரி தொட்டுக் காட்டினாள்.

"அது கழுத்தில்லையடி, வயிறு."

"கொடி முழுக்கத் தெரிய வேண்டாமோ? பாதி தெரிஞ்சால் சங்கிலி எண்டு நினைச்சுப் போடுவா. அவவின்ரை கண் அப்பிடி."

கழுத்து இறங்கியது. கழுத்து இறங்கியதும் தோள் இரண்டும் வழுகத் தொடங்கின. வழுகாமல் இருக்க முதுகில் ஒரு கயிறு பின்னி முடிச்சுப் போட்டாள். பிறகு காப்புகள். நீளக்கைக்குள் காப்புப் போடுவது பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்குச் சமம் என்று கை முழங்கைக்கு மேலே ஏறியது. சேலைக்கரை மறைகிறது என்று அடிப்பக்கமும் இடுப்புக்கு மேலே ஏறியது. ஒரு நிரைப் பொத்தானில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதுவும் என்ன ஏது என்று தெரியாமல் நடுவில் தனியே நின்றது.

கடைசிப் பிரச்சினை சேலைத் தலைப்பு. கார்டிகனுக்குள்ளே போனால் முழு ஜரிகையும் வீண். வெளியே எடுத்துப் போட்டால் தோளில் மூட்டை மாதிரி. கௌரி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை யோசித்தாள். இடது தோளில் ஒரு நீளத் திறப்பு விட்டு, அதற்குள்ளால் தலைப்பை வெளியே இழுத்துத் தொங்கவிடுவது என்று முடிவு செய்தாள்.

அருமையக்கா அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, கௌரியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். தபால்பெட்டிக்குள் கையை விடுகிற மாதிரித் தோள் திறப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கௌரி, கோவிக்காதை. குளிருக்கெண்டு போடுற சாமான் இது. உனக்கு இப்ப குளிராத இடம் முதுகின்ரை நடு மட்டும்தான்."

"நீங்கள் டென்மார்க்கிலை இருந்தனீங்கள். உங்களுக்கு எங்கடை ஸ்ரைல் விளங்காது."

"ஓமடி, விளங்கேல்லைத்தான். ரவிக்கைக்கு மேலை இன்னொரு ரவிக்கை போடுற ஸ்ரைலை நான் அங்கை காணேல்லை."

கௌரி கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, புருசனின் முன்னால், தொலைக்காட்சியை மறைத்தபடி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, எப்பிடி இருக்கு?"

நித்தியானந்தன் மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். நேரம் எடுத்துத்தான் பார்த்தார்.

"குளிரும்," என்றார்.

யாருக்காக இத்தனையும்? இந்த மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்குக் காட்டத்தான். அவரோ அதற்கு ஒரு சாட்சியும் தர மனமில்லாதவராக, கௌரி விலகியதும் மறுபடி திரையைப் பார்க்கத் தொடங்கினார்.

பூசையன்று காலையில் பனி கொட்டியது. கோவில் வாசலில் கோட்டுகளைக் கழற்றித் தொங்கவிடுகிற இடத்தில் ஒரே நெருக்கம். சூடாக்கி இந்த வருடமும் வேலை செய்யவில்லை. நிர்வாகம் அதை ஒரு விரதமாகவே அனுட்டிக்கிறது. கௌரி கோட்டைக் கழற்றினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கௌரியக்கா, உது எந்தக் கடையிலை?"

"கடையோ? கையாலை பின்னினது."

"அதென்ன, தோளிலை நூல் கழண்டு போச்சே?"

"கழரேல்லை. அது டிசைன்."

முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தாள். தாலிக்கொடி தொப்புளை நோக்கி வெளிச்சம் போட்டுக்கொண்டு கிடந்தது. பல் அடித்துக்கொண்டது. மந்திரத்துக்கு உதடு அசைப்பதாக எண்ணிப் பின்வரிசையில் ஒருவர் கௌரியின் பக்தியை மெச்சினார். இந்த முறை புருசனைக் காரில் விடவில்லை. தூணோரம், கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்திருந்தாள். அவர் அன்னதானத்துக்கு மேசை போடுகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வமலர் தட்டோடு புறப்பட்டார். ஒவ்வொருவராக நெருங்கி வந்தார். கௌரி நிமிர்ந்தாள். செல்வமலர் குனிந்து, நெற்றியில் வைத்து, தாலியிலும் தொட்டு வைத்தார்.

"நல்ல வடிவான கொடி," என்றார். "கார்டிகனும் புதுமையாக் கிடக்கு."

முடிந்தது. ஒரு வருடப் பாரம் இறங்கியது. கௌரி திரும்பி அருமையக்காவைப் பார்த்தாள். அருமையக்கா பார்த்தாரா? பார்த்தார். இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தச் சந்தோசம் பக்கத்து ஆள் வரைக்கும் கூட நிற்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தில்லையம்பலம் மாஸ்டரின் மனைவி. மாஸ்டர் செத்தது செவன் கிங்ஸ் முழுவதும் அறிந்த சங்கதி. அந்த அம்மா கறுப்புக் கார்டிகனைத் தொண்டை வரைக்கும் பூட்டியிருந்தார். செல்வமலர் அவருக்கு முன்னால் குனிந்து விரலைக் குங்குமத்தில் வைத்தார்.

கௌரி பதறிப்போய், உதவி செய்கிற நினைப்பில், "அக்கா, அவ வந்து..." என்று முணுமுணுத்தாள்.

"தெரியும் தங்கச்சி," என்றார் செல்வமலர். மாஸ்டரின் மனைவியின் நெற்றியில் வைத்தார். அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். "இந்த வருசம் ஒருத்தரையும் தாண்டிப் போறேல்லை எண்டு ஐயரிட்டைச் சொல்லிப் போட்டன். இந்த வருசம் தாண்டத் தொடங்கினால் எத்தினை பேரையம்மா தாண்டிறது?"

வரிசையில் ஒருவர் தன் தாலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கௌரி தன் மூடாத கையையும் திறந்த கழுத்தையும் பார்த்துக்கொண்டாள். ஆக, சாக்கைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாலும் குங்குமம் கிடைத்திருக்கும்!

செல்வமலர் நகரவில்லை. கௌரியின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "நீங்கள் இந்தப் பக்கத்து ஆள்தானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். போன வருசம் இந்த வரிசையிலைதான் ஒரு மனுசி இருந்தவ. சாம்பல் கார்டிகன், தொப்பி. பாவம், புருசன் இல்லாதவ. நான் தட்டோட தாண்டிப் போனன். அவ அப்பிடியே குனிஞ்சிட்டா. அந்தக் குனிஞ்ச தலை எனக்கு வருசம் முழுக்கக் கண்ணுக்கை நிண்டது. அவவைக் கண்டு ஒரு சொல் சொல்ல வேணும் எண்டுதான் தேடுறன். எங்கை அவ?"

கௌரியின் பின்கழுத்தில் அருமையக்காவின் மூச்சு பட்டது. அவர் எப்போது அவ்வளவு கிட்ட வந்தார் என்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்லலாம். 'அது நான்தான்' என்றால் இரண்டு சொல். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு இந்தக் கழுத்தும் இந்தத் தோளும் இந்த ஒற்றைப் பொத்தானும் எதற்காக என்று மண்டபமே ஒரு கணத்தில் விளங்கிக்கொள்ளும்.

"அவவோ?" என்றாள் கௌரி. "அவ கனடாவுக்குப் போட்டா."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி விட்டுவிடத்தான் அவளுக்கு வராதே.

"மகளோட இருக்கிறா. இஞ்சை இருக்க ஏலாமல்தான் போனவ. மனுசன் அப்பிடி ஒரு மனுசன்."

"நல்லவரோ?"

"நல்லவரோ எண்டோ கேக்கிறீங்கள்? வேலையாலை வந்தால் நேரை குசினிக்கை அடுப்படிக்கு வருவார். 'இண்டைக்கு என்னம்மா நடந்தது?' எண்டு கேப்பார். அவ சொல்லி முடிக்கு மட்டும் கதிரையிலை இருந்து கேட்டுக்கொண்டே இருப்பார். ரீவி வாங்கவே இல்லை எண்டால் பாருங்கோவன்."

செல்வமலர் தட்டைத் தரையில் வைத்துவிட்டார். பின்வரிசையும் சற்று முன்னுக்கு நகர்ந்தது.

"ரியூப் ரெயினிலை போனால் கையைப் பிடிச்சுக்கொண்டுதான் நிப்பார். அவ புதுச்சேலை உடுத்தால் தூரப் போய் நிண்டு பார்த்து, கிட்ட வந்து பார்த்து, ஒரு நல்ல சொல் சொல்லாமல் வெளிக்கிட விடமாட்டார்." கௌரியின் குரல் அவள் பின்னாத ஒரு திசையில் தானாகவே நீண்டுபோயிற்று. கண் கலங்கியது. அது குளிராகவும் இருக்கலாம்.

"ஓம், எனக்கும் அவரைத் தெரியும்," என்றார் அருமையக்கா பின்னாலிருந்து. "மீன் வெட்டிக் குடுப்பார்."

"ஐயோ, மீனுமோ!" என்று செல்வமலர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அப்பிடியான மனுசரைத்தான் கடவுள் வேளைக்குக் கூப்பிடுறார்."

தில்லையம்பலம் மாஸ்டரின் மனைவி மட்டும் கௌரியை ஒருமுறை நேராகப் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் கறுப்புக் கார்டிகனின் பொத்தான்களைத் திறந்து கழற்றி, கார்டிகனைக் கௌரியின் தோளில் போர்த்தார்.

"நடுங்கிறாய் பிள்ளை. போட்டுக்கொண்டு இரு."

கௌரி கொடி மறைகிறது என்று யோசிக்கவில்லை. உடம்பு அப்படி விறைத்துப் போயிருந்தது. கழுத்து வரைக்கும் இழுத்துப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, தூணோரம் இருந்த நித்தியானந்தன் அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். மேசை போட்டாயிற்று, சோறு வந்தாயிற்று, ஆனாலும் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தூண் அவ்வளவு தூரத்தில் இல்லை. கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார வைத்தவளுக்கு, அது காதில் விழுகிற இடமும்தான் என்று தோன்றாமல் போய்விட்டது.

சாப்பாடு முடிந்து, கார்டிகனைத் திருப்பிக் கொடுத்து, செல்வமலரிடம் கனடாவில் இல்லாத மனுசிக்குச் 'சுகம் சொல்லுறன்' என்று வாக்கும் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்கள். பனி கண்ணாடியில் ஒட்டியது. கான்ற்ஸ் ஹில் வளைவு வரைக்கும் நித்தியானந்தன் ஒன்றும் சொல்லவில்லை. அது வழமைதான். ஆனால் இன்றைய மௌனத்துக்குள் ஏதோ புரள்வது கௌரிக்குக் கேட்டது.

சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"நல்ல மனுசன் போல," என்றார் அவர், தெருவைப் பார்த்தபடி. "என்ன வருத்தத்திலை செத்தவர்?"

அந்தக் குளிர்காலத்தில் அவர் பேசிய ஆகப் பெரிய பேச்சு அது. கௌரிக்கு முகம் கொதித்தது. ஆனாலும் ஒரு வருடம் பின்னிய கை, அன்று முழுக்கக் குளிர்ந்த கழுத்து. அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"கதைக்காமல் இருந்து இருந்து," என்றாள்.

விளக்குப் பச்சையானது. நித்தியானந்தன் காரை எடுக்கவில்லை. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அப்போதும் எடுக்கவில்லை. அந்த நோய் எங்கே தொடங்குகிறது என்று தன் உடம்புக்குள் தடவிப் பார்க்கிறவர் போல இருந்தார். பிறகு கியரை மாற்றினார்.

"இண்டைக்கு வடைக்கு உப்புக் கூட, என்ன?" என்றார்.

"கூடத்தான்," என்றாள் கௌரி.

"பாயாசம் பரவாயில்லை."

"ஓம்."

அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் செவன் கிங்ஸ் ஸ்ரேசனைத் தாண்டும்வரை தேடிக்கொண்டேதான் ஓட்டினார்.